ஆண்டு விழாவுக்கு வந்த கண்வலி

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பல்கலைக்கழக உடல்நல மையத்தில் நான் பார்த்த முதல் வேலை மயங்கி விழுந்ததுதான்.

அன்று ரத்த தான முகாம். எனக்குக் கொடுத்த பொறுப்பு மிகச் சாதாரணமானது. ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் ஜூஸும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தர வேண்டும். சுவரைப் பார்த்தபடியே கொடுத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பினேன். கட்டிலோரம் இருந்த சின்ன மெஷினில் ரத்தப் பை அசைந்து அசைந்து நிரம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பையின் நிறம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது தரையில் படுத்திருந்தேன். கால்களை நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்த ஒரு மெக்கானிக்கல் மாணவன் தனக்கு வரவேண்டிய ஜூஸை என் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தான். மையத்தின் டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்தம் குடுத்தவன் நல்லா இருக்கான். ஜூஸ் குடுக்க வந்த புள்ளைக்கு ஜூஸ் குடுக்க வேண்டியதாப் போச்சு."

இந்த முகாமுக்கு நான் வந்ததற்குக் காரணம் சனிக்கிழமை வகுப்பு. மருத்துவத் துறையில் வேலைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்காக எங்கள் பல்கலைக்கழகம் நடத்திய வகுப்பு அது. டாக்டர், நர்ஸ் இரண்டையும் தாண்டி இந்தத் துறையில் என்னென்ன படிப்புகள் இருக்கின்றன, எங்கே விண்ணப்பிப்பது, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சேர்ந்தவர்கள் உடல்நல மையத்தில் தொண்டு வேலையும் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டையும் அந்த டாக்டரம்மாவே கவனித்துக்கொண்டார்.

எங்கள் வீடு எருமப்பட்டியை ஒட்டிய ஒரு கிராமத்தில். அப்பாவுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. பிளஸ் டூ முடித்து மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. மறு வருடமும் எழுதினேன், அப்போதும் கிடைக்கவில்லை. பிறகு சேலத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரமாக இருந்த இந்தப் பல்கலைக்கழகத்தில் மைக்ரோபயாலஜி சேர்ந்தேன். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "டாக்டருக்குப் படிக்கப் போறேன்ன, என்னாச்சு சாமி?" என்று கேட்க ஒரு அத்தையாவது இருந்தார். அதற்கு ஒரு நல்ல பதில் வேண்டும் என்றுதான் சனிக்கிழமை வகுப்பில் பேர் கொடுத்தேன். மயங்கி விழுந்த பிறகு அந்த ஆசையும் போய்விட்டது.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்த்து, "எனக்கு இந்தத் துறை ஒத்து வராதுங்க மேடம். பேரை எடுத்துடுங்க" என்றேன்.

அவர் மாத்திரை அலமாரியைப் பூட்டிக்கொண்டே கேட்டார்: "கோழிப் பண்ணைன்னு சொன்னியே, அங்க ரத்தமே பாத்தது இல்லையா?"

"கோழி ரத்தம் பழகிப்போச்சுங்க. மனுச ரத்தம்தான் ஆகாது."

"அப்ப ரத்தம் இல்லாத வேலையப் பாரு. முன் மேசையில ஆளில்லை. டோக்கன் குடுத்து, என்ன பண்ணுதுன்னு விசாரிச்சு உள்ள அனுப்பு. அதுக்கும் மயக்கம் வந்தா அப்பப் பேரை எடுக்கலாம்."

இப்படித்தான் முன் மேசைக்கு வந்தேன்.

உடல்நல மையம் என்று பலகை பெரிதாக இருந்தாலும், இடம் கேன்டீனை அடுத்த இரண்டு அறைகள்தான். கேன்டீனில் பரோட்டா போடும் சத்தம் எப்போதும் கேட்கும். கபடியில் கால் பிசகியவர்கள், மெஸ் சாம்பார் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஏசி பஸ்ஸில் வந்து சளி பிடித்தவர்கள் என்று கூட்டம் வரும். இன்டர்னல் தேர்வு நடக்கும் வாரங்களில் வயிற்று வலிக்காரர்கள் அதிகம். டாக்டரம்மா அவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, "இன்னிக்கு என்ன பேப்பர்?" என்று கேட்பார். பாதிப் பேருக்கு அதிலேயே சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் எல்லாரையும் அப்படி விட்டுவிட மாட்டார். ஒரு முதலாண்டுப் பெண் தலைவலி, தலைவலி என்று திரும்பத் திரும்ப வந்தாள். அவளிடம் பேப்பரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் பேசினார். வெளியே வந்த பெண்ணின் கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. வாரா வாரம் மையத்துக்கு வரும் மனநல ஆலோசகரிடம் விடுதியிலிருந்து அவளைக் கூட்டிப்போய் விடும் வேலையை டாக்டரம்மா என்னிடம் கொடுத்தார். போகும் வழியில் அவள் எதுவும் பேசவில்லை; நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது, "அக்கா, மெஸ்ல இன்னிக்கு என்னங்க?" என்று கேட்டாள். எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதி பரீட்சையில் பாஸானபோதுகூட வந்ததில்லை.

சனிக்கிழமை வகுப்பில் மாதிரி நேர்முகம் நடத்துவார்கள். "ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் இருக்கும். "மக்களுக்குச் சேவை செய்ய" என்று நானும் சொன்னேன், எனக்கு முன்னால் போனவர்களும் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் சேவைக்கே வந்துட்டா ஆஸ்பத்திரியில வேலை பாக்கறது யாரு? நெசமான காரணம் கிடைக்கறப்ப வந்து சொல்லு" என்றார். என்னிடம் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அந்த வருடம் பல்கலைக்கழக ஆண்டு விழா நெருங்கிய சமயத்தில்தான் மெட்ராஸ் ஐ என்கிற தொற்றுக் கண்வலி வந்தது.

முதலில் எங்கள் பெண்கள் விடுதியில் இரண்டாம் மாடியில் ஒருத்திக்கு. கண் சிவந்து, வீங்கி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் எழுந்தாள். பிறகு பக்கத்து அறைகள். வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் கறுப்புக் கண்ணாடி வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டார். லெக்சர் ஹாலில் கறுப்புக் கண்ணாடி போட்ட வரிசையைப் பார்த்து எங்கள் பேராசிரியர், "நான் அவ்வளவு பிரகாசமாகவா பாடம் நடத்துகிறேன்?" என்று கேட்டார்.

டாக்டரம்மா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். கண்வலி வந்தவர்கள் வகுப்புக்கு வராமல் அறையிலேயே இருக்க வேண்டும், துண்டும் தலையணை உறையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தக் கண்வலி தானாகவே சரியாகிவிடும். மற்றவர்களுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்று விடுதி விடுதியாகப் போய்ச் சொன்னார். ஆண்கள் விடுதியில் அடங்கிவிட்டது. எங்கள் விடுதியில் மட்டும் நிற்கவில்லை. அதுவும் ஒரே மாடியில் இருந்து பரவாமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அறைகளில் முளைத்தது.

"நான் வந்தா எல்லாரும் துண்டை மடிச்சு வெச்சுட்டு ஒழுங்கா உக்காந்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "நீ அங்கயே இருக்கறவ. எங்கிருந்து தாவுதுன்னு பாத்துட்டு வாயேன்."

நான் அறை அறையாகப் போனேன். கதவோரம் நின்றே பேச வேண்டியிருந்தது. துண்டு தனியா? தனிதான். சோப்பு? தனிதான். ஒருத்தி, "போர்வையக்கூடத் துவைச்சுட்டேன் புள்ள, இதுக்கு மேல என்னையத்தான் துவைக்கணும்" என்றாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் பேசிப் பேசி ஒரு விஷயம் தெரிந்தது. கண்வலி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்டு விழா நடனக் குழுவில் இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களுடைய அறைத் தோழிகள். அதே குழுவில் பாட்டுப் போடும் பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. அவள் தினமும் ஒத்திகைக்குப் போகிறவள். எல்லாரோடும் கூடவே இருப்பவள்.

அந்தக் குழுவுக்கு நடனம் சொல்லிக் கொடுத்தவள் என் அறைத் தோழி. குமாரபாளையத்துக்காரி. வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதாலோ என்னவோ, அவள் மெதுவாகச் சொல்கிற ரகசியம்கூட வராந்தா முனை வரைக்கும் கேட்கும். அவளுக்கும் கண்வலி வரவில்லை. "சுத்தமா இருந்தா எதுவும் வராது புள்ள" என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று மாலை ஒத்திகை நடக்கும் ஹாலுக்குப் போனேன். வீடியோ எடுத்துப் பார்ப்பதற்காக என் தோழி எல்லாரையும் வரிசையாக நிறுத்தியிருந்தாள். கையில் கண்மைப் பென்சில். ஒருத்தியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, இமையோரமாகக் கறுப்பாக ஒரு கோடு இழுத்தாள். அழகான கோடு, அவள் கை அவ்வளவு நிதானம். அதே பென்சிலோடு அடுத்தவளிடம் போனாள். பிறகு அதற்கடுத்தவளிடம். தினமும் இப்படித்தானாம். அவள் மேடையில் ஆடப் போவதில்லை. அதனால் தனக்கு மை போட்டுக்கொள்ளவில்லை. பாட்டுப் போடும் பெண்ணும் போட்டுக்கொள்ளவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. இதை இவளிடம் எப்படிச் சொல்வது?

அறைக்கு வந்த பிறகு நேராகவே சொன்னேன். அது சரியான முறையாக இல்லை.

"அப்ப என்னாலதான் எல்லாத்துக்கும் வந்துச்சுங்கறயா?" என்றாள்.

"உன்னாலன்னு சொல்லல. பென்சிலால."

"பென்சில் தானா நடந்து போச்சா? நான்தான போட்டு உட்டேன்?" அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். மறுநாள் காலை டிபனுக்கு என்னைக் கூப்பிடாமலேயே போனாள்.

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னால் அவரே வந்து நிறுத்திவிடுவார். ஆனால் விடுதி முழுக்க என் தோழியைத்தான் கை காட்டுவார்கள். அதனால் மெஸ்ஸில் தட்டோடு போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். பண்ணைக் கதையைச் சொன்னேன்.

குஞ்சுகள் வந்து இறங்கியதும் அவற்றின் கண்ணில் தடுப்பு மருந்து ஒரு சொட்டு விட வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அது எனக்கும் அம்மாவுக்குமான வேலை. குஞ்சை உள்ளங்கையில் பிடித்து, தலையைச் சாய்த்து, மேலேயிருந்து சொட்ட வேண்டும். சொட்டுக்குழாய் கண்ணில் பட்டுவிடக் கூடாது. "ஒட்டாம உடு சாமி, ஒட்டாம உடு" என்று அப்பா ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார். ஒரு குஞ்சுக்கு ஏதாவது இருந்தால் குழாய் வழியாகவே மொத்த ஷெட்டுக்கும் போய்விடும் என்று அவருக்குப் பயம். நானும் எத்தனையோ தடவை ஒட்டவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "அப்ப எங்க குரூப்பக் கோழிக்குஞ்சுங்கற" என்றாள்.

"குஞ்சுக கொஞ்சம் சொன்ன பேச்சக் கேக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பார் புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "செரி, என்ன பண்ணோணும் சொல்லு. நானே பண்றேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் செய்ததை நானோ டாக்டரம்மாவோ செய்திருக்க முடியாது. பென்சிலைக் குப்பையில் போட்டாள். குழுவைக் கூப்பிட்டு, தன் பென்சில்தான் காரணம் என்று தன் வாயாலேயே சொன்னாள். யாரும் திட்டுவதற்கு முன்னால், "இனி ஆருக்கும் மை கெடையாது. மேடையில எல்லாரும் கறுப்புக் கண்ணாடி" என்று அறிவித்தாள். அவரவர் கண்ணாடியை அவரவர்தான் போட வேண்டும், மாற்றிக்கொண்டால் குழுவை விட்டே நீக்கிவிடுவேன் என்று சேர்த்துச் சொன்னாள். கிராமிய நடனத்துக்குக் கறுப்புக் கண்ணாடியா என்று யாரோ இழுத்தார்கள். "ஏன், கிராமத்துல வெயிலு அடிக்கறதில்லையா?" என்றாள்.

புதிதாகக் கண்வலி வருவது குறைந்தது. பிறகு நின்றது. கண்ணில் நீர் வடிவதும் ஒட்டுவதும் முழுக்க நின்றவர்களை மட்டும்தான் மேடையேறவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விழாவன்று காலை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். மேடையோரம் நின்று குழுவுக்குச் சைகை காட்ட வேண்டிய என் தோழி, என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஆடத் தெரியாது" என்றேன்.

"தினமும் ரூம்ல நான் பாட்டுப் போட்டு எண்றதக் கேக்கறயில்ல? அது போதும். பின்னால ஓரமா நில்லு. முன்னால இருக்கறவ என்ன பண்றாளோ அதப் பண்ணு."

மேடையில் விளக்குப் போட்டதும்தான், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பது புரிந்தது. எல்லாரும் இடப்பக்கம் திரும்பியபோது நான் வலப்பக்கம் திரும்பினேன். எதிரே இருந்தவள்மேல் மோதப் பார்த்து, அவள் என் கையைப் பிடித்துச் சுழற்றிவிட, கூட்டம் அதை வேண்டுமென்றே செய்ததாக நினைத்து விசிலடித்தது. மறுபடியும் செய்யச் சொல்லிக் கத்தியது. முதல் வரிசையில் டாக்டரம்மா கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது அந்த இருட்டிலும் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவர்களை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா என்னிடம் பொது சுகாதாரம் என்று ஒரு முதுகலைப் படிப்பு இருப்பதைச் சொன்னார். "ஊசி போடற படிப்பில்ல. நோய் எங்கிருந்து வருது, ஏன் இந்த ஊருல மட்டும் வருது, எப்படி நிறுத்தறதுன்னு பாக்கற படிப்பு. நீ பாத்த வேலைதான்." இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. அப்பா பண்ணையை அம்மாவிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "மருத்துவம் கிடைக்காததால் இங்கே வருகிறீர்களா?" என்று கேட்டார்.

சேவை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஆமாங்க சார், முதல்ல அதனாலதான் இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். "இப்ப அதனால இல்லைங்க." பிறகு கண்மைப் பென்சிலைப் பற்றிச் சொன்னேன். தோழி கோபித்துக்கொண்டதையும் மறைக்கவில்லை. ஓரத்தில் இருந்த அம்மையார் குறுக்கிட்டு, "அந்தப் பெண் கடைசி வரைக்கும் பென்சிலைத் தூக்கிப்போட மாட்டேன் என்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்றார்.

"ஆளுக்கொரு பென்சில் வாங்கிக் குடுத்திருப்பேனுங்க மேடம்" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். பாஸா ஃபெயிலா என்று அந்தச் சிரிப்பை வைத்து எனக்குக் கணிக்கத் தெரியவில்லை.

வெளியே அப்பா புங்க மரத்தடியில் நின்றிருந்தார். "என்ன கேட்டாங்க சாமி?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குஞ்சுக்குச் சொட்டு மருந்து விடுவதையும் சொன்னேன் என்றபோது நின்றுவிட்டார்.

"அதையெல்லாமா அங்க போய்ச் சொல்லுவாங்க?"

"சொன்னனுங்கப்பா. நல்லாக் கேட்டுக்கிட்டாங்க."

அவர் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், கோழிக்குச் சொட்டு மருந்து விடுவது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்று தொப்பூர் தாண்டும் வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தார்.

இடம் கிடைத்தது. படித்து முடித்தேன். இப்போது ஓமலூர்ப் பக்கம் கிராமங்களில் டெங்கு தடுப்பு வேலையில் இருக்கிறேன். மனித ரத்தத்தைப் பார்த்தால் இன்னும் தலை சுற்றும். ரத்த மாதிரி எடுக்கிற அறைக்குள் நான் நுழைவதில்லை. என் தோழி கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்புப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறாள். அவள் ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டால் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்குமாம். மைக்கே தேவைப்படுவதில்லை என்கிறாள்.

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டருங்களா?"

"இல்லீங்கம்மா."

"நர்சம்மாவா?"

"அதும் இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"உங்க தண்ணித் தொட்டியப் பாக்கலாம்னு வந்தேன். மூடி போட்டிருக்கீங்களா, கொசுப் புழு இருக்கா, அதப் பாக்கறதுதான் என் வேலை. அதுக்குத்தான் படிச்சிருக்கேன்."

"தொட்டியப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்றார்.

"ஆமாங்க."

"செரி, பின்னால இருக்குது, பாத்துட்டு வா. நான் டீ வெக்கறேன்" என்று பூவைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். தொட்டியில் புழு இருந்தது. இருவரும் சேர்ந்து தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் காயவிட்டோம். டீ நன்றாக இருந்தது.